மணிமுனியும் காலேஜ் துரையும்

கொட்டுப்பனித் தோட்டம் அக்கரப்பத்தனைக்கும் மேலே இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே, அங்கிருந்து ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்க நின்று தோட்டத்தைத் திட்டுகிற பாறைக்கும் மேலே. வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பேர் வேறு. அதைச் சொல்ல நாக்கை இரண்டு தரம் மடிக்க வேண்டும் என்பதால் தோட்டத் துரையே அதைச் சம்பள நாளில் மட்டும்தான் சொல்வார்.

அங்கே இறங்குகிற பனிமூட்டத்தைப் பற்றிச் சொன்னால் மற்றத் தோட்டத்துக்காரர்கள் நம்புவதில்லை. நம்பாதது அவர்கள் குற்றம். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரர்கள் அந்தக் கத்தியால் பனியில் வழி வெட்டிக்கொண்டுதான் லயத்து வீடுகளுக்குத் திரும்புவார்கள். வெட்டின துண்டுகள் வாசலில் கிடந்து, மறுநாள் வெயில் ஏறின பிறகு கரையும். ஒருநாள் நாகலெட்சுமி கொழுந்து என்று நினைத்து, பக்கத்து நிரையில் நின்றவளின் கொண்டையில் பாதியைப் பறித்துக் கூடையில் போட்டுவிட்டாள். அது அப்படியே அரைபட்டு, காய்ந்து, லண்டனுக்குப் போயிற்று. அந்த வாரத் தேயிலைக்குத்தான் என்றும் கிடைக்காத விலை கிடைத்தது.

இப்படிப்பட்ட மூட்டத்தில் மேல்மலையில் நிற்கும் பெண்கள் வீடு வந்து சேர்வது ஒரு மணியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு. அந்த மணியை அடிப்பது வேலாயியின் வேலை.

வேலாயி ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் நோட்டன் பிரிட்ஜில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மலையில் சறுக்கி விழுந்து முறிந்த காலை டிக்கோயா ஆஸ்பத்திரியில் நன்றாகவே கட்டி அனுப்பினார்கள். கால் நேரானது, மலைதான் நேராகவில்லை. கூடையோடு ஏற முடியாதவளுக்குப் பழைய துரை மணியடிக்கிற வேலையைக் கொடுத்தார். அதற்கு நாளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். பேர் விழுகிறவளுக்குத்தான் லயத்தில் காம்பரா. வேலாயி கால் நீட்டிப் படுக்கும் அந்த ஒற்றை அறை மணியின் நாக்கில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

மணியும் லேசுப்பட்ட மணியில்லை. மணிமுனியின் மணி.

அறுபது வருஷத்துக்கு முன்னால் லெம்கே என்றொரு பாதிரியார் அமெரிக்காவிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு தனியாக மலையேறி வந்தார். மேல்மலைச் சவுக்கு மரத்தில் கட்டி, காலையும் மாலையும் ஜெபத்துக்கு அடித்தார். அவர் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. ஒருவருக்குமில்லை என்பது ஒன்று. ஒருவன் இருந்தான், ரொட்டி தீர்ந்ததும் எழுந்து வந்துவிட்டான் என்பது மற்றது. ஆனால் பனியில் வழி தவறின பெண்கள் அந்தச் சத்தத்தை வைத்து இறங்கி வந்தார்கள். அதைக் கண்ட பாதிரியார் ஜெபத்துக்கு அடிப்பதை விட்டுவிட்டுப் பனிக்கு அடிக்கத் தொடங்கினார். காய்ச்சலில் அவர் போனபோது அந்த மரத்தடியிலேயே புதைத்து, மேலே ஒரு கல்லை நட்டு, கல்லுக்குப் பொட்டும் வைத்துவிட்டார்கள். தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ஒரு ரோதமுனி இருக்கும்போது பனிக்கென்று ஒரு முனி வேண்டாமா? வருஷா வருஷம் சுருட்டு, கோப்பி, சேவல் படைத்தார்கள். சாராயம் மட்டும் கிடையாது. உயிரோடு இருந்தபோது குடிக்காத மனிதரைச் செத்த பிறகு கெடுக்க வேண்டாம் என்று, வேலாயியின் அண்ணனும் பூசாரியுமான மாயாண்டி அந்தப் பங்கைத் தானே ஏற்றுக்கொண்டான்.

1957 ஐப்பசியில் ஒரு காலை, பெரட்டுக்களத்தில் எல்லாரும் வேலைக்கு நிற்கும்போது கணக்கப்பிள்ளை நல்லமுத்து தொண்டையைச் செருமினார்.

"அமெரிக்காவுலேருந்து ஒரு காலேஜ் தொர இன்னைக்கி வர்றாரு. மேமலை மணி அவுங்க காலேஜு மணியாம். கழட்டிக் குடுக்கச் சொல்லி நம்ம தொர உத்தரவு போட்டாச்சு. ஏ வேலாயி, மணி எறங்குனதும் ஒனக்குப் பேரு இல்ல."

"பேரு இல்லேன்னா?"

"காம்பராவும் இல்ல. மக வீட்டுக்குப் போயிரு."

"மக வீட்டுல மருமகனோட ஆத்தா இருக்குங்கையா. நானும் போனா நோட்டன் பிரிட்ஜு அணைக்கட்டு தாங்காது."

"அது அணைக்கட்டுக்காரன் கவலை."

"பனி எறங்குனா பொம்பளைங்க எப்படிங்கையா வருவாங்க?"

"விசில் ஊதிக்கலாம்" என்றார் நல்லமுத்து. அவருக்கு முன்பல் இரண்டு இல்லை. அவர் விசில் ஊதினால் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் காலேஜ் துரை வந்துவிட்டார். டாக்டர் ஃபெல்டர் என்று பேர். சவுக்கு மரத்துக்குக் கோட்டு மாட்டின மாதிரி உயரம். ஐகன்டால் லூதரன் மிஷன் கல்லூரியில் சரித்திரம் படிப்பிக்கிறவர். கல்லூரிக்கு அடுத்த வருஷம் நூறு வயது. அதன் சரித்திரத்தை எழுதும் பொறுப்பு அவருடையது. மணியை எடுக்குமுன் ஜனங்களுக்கு விஷயத்தை விளக்கிவிட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் இந்த மாதிரித் தொல்லையெல்லாம் வரும்.

பெரட்டுக்களத்தில் பெட்டி ஒன்றின் மேல் ஏறி அவர் பேச, தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் பேரின்பநாயகம் தமிழில் சொன்னார். வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். குளிருக்குப் பயந்து கோட்டுக்கு மேலே கோட்டுப் போடுகிறவர்.

"இவையின்ரை முப்பாட்டன்மார் ஜெர்மனியிலை இருந்தவையாம். அங்கத்தை ராசா, ரெண்டு கிறிஸ்தவச் சபையையும் ஒண்டாக்கிப்போட்டு எல்லாரும் ஒரே மாதிரிக் கும்பிடுங்கோ எண்டானாம். மாட்டம் எண்டு கப்பலேறிட்டினம்."

"நம்மளக் கப்பல்ல ஏத்துனது கங்காணி" என்றான் மாயாண்டி. "இவுங்கள ராசா ஏத்தியிருக்கான். கொடுத்து வச்சவுங்க."

கல்லூரி உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்றில் தொடங்கியதாம். உலகம் முழுவதற்கும் மிஷனரிகளை அனுப்புவதென்று தீர்மானித்தார்கள். ஆனால் மாணவர்களில் ஒருவன்கூடப் பக்கத்து ஊரைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சிரிக்கக்கூடாது என்பது சட்டம். திங்கட்கிழமை இரண்டு நாள் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்துக்கொள்ளலாம். மணிக்கு வெண்கலம் வாங்கப் பணமில்லாமல், குடியானவர் மனைவிமார் ஜாம் காய்ச்சும் பாத்திரங்களைக் கொடுத்தார்கள். அதை உருக்கி வார்த்த மணியை அடித்தால் முதல் வருஷம் முழுக்கப் பிளம்பழம் மணத்ததாம்.

"பொறகு பெரிய சண்டையாம்" என்றார் வாத்தியார், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. "ஜெர்மன் பாஷையிலை படிப்பிக்கிறதோ, இங்கிலீசிலை படிப்பிக்கிறதோ எண்டு. பாதிப்பேர் கோவிச்சுக்கொண்டு ஆத்துக்கு அங்காலை போய் வேறை காலேஜ் கட்டிட்டினம்."

 போன வருஷம்தான் கொழும்பில் சிங்களம் மட்டும் என்று அரசகரும மொழிச் சட்டம் போட்டிருந்தார்கள்.

"பாஷைக்காகவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஓம், பாஷைக்காகத்தான்."

"அங்கயுமா!"

எல்லாரும் காலேஜ் துரையைப் புதிதாகப் பார்த்தார்கள். அதுவரை அவர் வெள்ளைக்காரர். அதற்குப் பிறகு ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

அந்தச் சண்டை நடந்த காலத்தில் ஒரு விடியற்காலை மணியைக் காணவில்லை. ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள்தான் திருடினார்கள் என்று ஐகன்டால்காரர்கள் முடிவு கட்டினார்கள். அறுபது வருஷம் இரண்டு கல்லூரிக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. பந்து விளையாடினால் பந்தை விட்டுவிட்டுப் பல்லை உதைப்பார்கள். போன வருஷம் ஐகன்டால் தம்பதி ஒன்று கப்பலில் உலகம் சுற்ற வந்து, நுவரெலியா பார்க்கப் போன வழியில் பனியில் தொலைந்து, மணிச் சத்தத்தைப் பிடித்து இங்கே வந்து சேர்ந்து, மணியின் மேல் தங்கள் கல்லூரியின் பேரைக் கண்டு மூர்ச்சையானார்கள். திருடினவர் அக்கரைக்காரர் இல்லை. லெம்கே. அவர் படித்த காலத்தில் விடியக்காலை எழும்பப் பிந்துகிறவர் என்று மணியடிக்கும் வேலையைத் தண்டனையாகக் கொடுத்திருந்தார்கள். தண்டனையையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வாத்தியார் இதைச் சொல்லி முடித்ததும் காலேஜ் துரை தலை குனிந்தார். ஜனங்களின் தெய்வபக்தி புண்பட்டிருக்கும் என்று அவருக்கு வருத்தம்.

"நம்ம முனி திருடனா?" என்று கத்தினாள் வேலாயி. முகம் பூரித்துப்போயிருந்தது. "கேட்டியாண்ணே! ஒத்தை ஆளா, அத்தாம்பெரிய மணிய, அத்தனை பேரு தூங்கயில!"

"காவல் சாமின்னா பின்ன?" என்றான் மாயாண்டி. "திருடாதவனுக்குக் காவலப் பத்தி என்னா தெரியும்?"

அன்றைக்குக் கல்லுக்கு இரட்டைப் பொட்டு வைத்தார்கள்.

வேலாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். "மாஸ்டர், இத மட்டும் அவருகிட்ட கேளுங்க. அறுவது வருசமா இந்தப் பனியில நனைஞ்சு ஒழைச்ச மணியப் பாத்து, ஒன் பாட்டன் ஊரு அது, கெளம்புன்னு சொல்றீங்களே. எங்களத்தான் இந்தியாவுக்குக் கெளம்புன்னு சொல்றாங்க, சரி. மணியக் கூடவா?"

"வேலாயி, கொஞ்சம் பொறும். இதை நான் எப்பிடி இங்கிலீசிலை சொல்லுறது?"

சொன்னார். காலேஜ் துரை பெட்டியிலிருந்து இறங்கினார். பிறகு, மணி இல்லாமல் திரும்பினால் அறுபது வருஷப் பழியைத் தன்னால் துடைக்க முடியாது என்றார். மணியை விழா மண்டபத்தில் வைத்து, அக்கரைக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் மத்தியானம் இறக்குவது என்று முடிவாயிற்று. முனியிடம் உத்தரவு கேட்காமல் கைவைக்கக் கூடாது என்று மட்டும் மாயாண்டி சொன்னான். ஜெபம் செய்துவிட்டு எடுப்பதில் தனக்கும் சந்தோஷம் என்றார் காலேஜ் துரை.

வீட்டுக்குப் போகிற வழியில் வேலாயி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கி ஒன் மேல முனி வரட்டும். வந்து, நான் போகமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். போதும்."

"வந்தாச் சொல்லுவாரு."

"வரணும். என் காம்பராண்ணே."

மாயாண்டி தலையைச் சொறிந்தான். "ஒரு சிக்கல் இருக்கு புள்ள. முனி அமெரிக்காக்காரரு. காலேஜ் தொர அவுங்க பாஷையில ஏதாச்சும் கேட்டுப்புட்டா?"

"அறுவது வருசம் இங்கன இருந்தவருக்குத் தமிழு வராதா? நீ தைரியமா ஆடு."

மறுநாள் சவுக்கு மரத்தடியில் தோட்டமே நின்றது. தச்சன் மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். தப்புமேளம் முழங்கியது. வழக்கமாக இரண்டு அடி விழுமுன் மாயாண்டியின் கால் பெருவிரல் துடிக்கும். அன்றும் துடித்தது. முழங்கால் ஏறிற்று, இடுப்பு ஏறிற்று, கண் மேலே போயிற்று. காலேஜ் துரைக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"லெம்கே வாறார் எண்டால் நல்லதாம்" என்று வாத்தியார் மொழிபெயர்த்தார். "மணியை எப்பிடித் துறைமுகம் மட்டும் கொண்டு போனவர் எண்டு இவர் ஜெர்மன் பாஷையிலை கேக்கப்போறாராம். அது சரித்திரத்திலை பெரிய ஓட்டையாம்."

மாயாண்டியின் மேலிருந்து முனி வந்த வழியே இறங்கிப் போனார். இடுப்பு நின்றது, முழங்கால் நின்றது, கடைசியில் பெருவிரலும் நின்றது. "இன்னைக்கி அவருக்கு ஒடம்பு சொகமில்ல" என்று சொல்லிவிட்டு மாயாண்டி கூட்டத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

நல்லமுத்து தச்சனுக்குக் கையைக் காட்டினார்.  வேலாயி மடியிலிருந்த சூடம் முழுவதையும் கல்லுக்கு முன் கொட்டி ஏற்றினாள். தீ முழங்கால் உயரம் எழுந்தது.

கொட்டுப்பனியில் சூடம் அடித்துச் சத்தியம் செய்வதென்றால் விளையாட்டில்லை. ஒன்றைச் சொல்லி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டால் முடிந்தது. கோர்ட்டும் இல்லை, அப்பீலும் இல்லை. சின்னராசா என்பவன் ஒருமுறை கோழித் திருட்டில் பொய்ச்சூடம் அடித்தான். மறுநாள் அவன் மூக்கு இடப்பக்கம் திரும்பிக்கொண்டது. அதிலிருந்து அவன் தும்மினால் பக்கத்துக் காம்பராக்காரர்கள்தான் முகம் கழுவுவார்கள்.

"இந்த மணி முனிக்குச் சொந்தம்!" என்று கூவினாள் வேலாயி. "இந்த மலைய விட்டுப் போகாது! இதுக்கு யாரு சூடம் அடிக்கிறீங்க? ஆம்பளை யாராச்சும் இருந்தா வாங்க!"

ஒருவரும் அசையவில்லை. துரையின் உத்தரவு ஒரு பக்கம், சின்னராசாவின் மூக்கு ஒரு பக்கம். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

காலேஜ் துரை சுற்றிப் பார்த்தார். எல்லாத் தலையும் குனிந்திருக்கின்றன, பெண் உரக்க ஒரு ஜெபம் சொல்லி முடித்துவிட்டாள், தீ எரிகிறது. அவர் கல்லூரித் தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் மெழுகுவர்த்தியை அணைக்கிற மரியாதை, வந்த விருந்தாளிக்கு உரியது. இங்கே அந்த மரியாதையைத் தனக்காக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். முன்னே வந்து, நீளமாகக் குனிந்து, பெரிய உள்ளங்கையால் சூடத்தின் மேல் பளாரென்று ஒன்று வைத்தார்.

தீ அணைந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். தச்சன் பெட்டியை மூடினான். மரியாதையை ஏற்றுக்கொண்ட திருப்தியோடு காலேஜ் துரை கையை ஊதிக்கொண்டே எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்டர்" என்றாள் வேலாயி மெதுவாக. "என்னா செஞ்சாருன்னு அவருகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

வாத்தியார் சொல்லச் சொல்ல அந்த மனிதரின் முகம் அவருடைய சாம்பல் கோட்டின் நிறத்துக்கு வந்தது. தெரியாமல் செய்த சத்தியம் சத்தியமாகாது என்றார்.

"தெரியாமச் செஞ்சதுன்னா கை செவந்திருக்காதே. காட்டச் சொல்லுங்க."

கை சிவந்திருந்தது.

அவர் கல்லூரிப் பேராசிரியர். சுலபத்தில் விடுகிறவர் இல்லை. தங்கள் சபையை உண்டாக்கிய லூதர் பெரியவரே வாலிபத்தில் துறவியாவேன் என்று ஒரு சத்தியம் செய்தவர்தான். பிற்பாடு அது செல்லாது என்று தள்ளிவிட்டுக் கல்யாணமும் செய்துகொண்டார் என்றார்.

"அந்தப் பெரியவரு எதுக்காகச் சத்தியம் பண்ணுனாராம்?"

"வெளியிலை போகேக்கை பக்கத்திலை இடி விழுந்ததாம். பயத்திலை சொன்னவராம்" என்றார் வாத்தியார்.

ஐப்பசி மத்தியானம் அந்த மலையில் இடி இடிப்பது புதினமில்லை. ஆனால் அன்றைக்கு அது அந்த வாக்கியம் முடிகிற வரைக்கும் காத்திருந்தது என்பதைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பக்கத்துச் சவுக்கு மரம் உச்சியிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்தது. புகை அடங்கிப் பார்த்தபோது காலேஜ் துரை ஒரு தேயிலைச் செடிக்குள் இருந்தார். அது அண்மையில் கவ்வாத்து வெட்டின செடி. அதில் ஒரு குருவிகூட ஒளிய இடமில்லை. எப்படி நுழைந்தார் என்று தெரியாது. மூன்று பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

சரித்திரம் படிப்பிக்கிறவருக்கு, ஒரே சம்பவம் இரண்டாம் தரம் நடக்கிறது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மணி இங்கேயே இருக்கட்டும், தோட்டத் துரையிடமும் நானே பேசிக்கொள்கிறேன் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு, பிளந்த மரத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வருஷப் பழி, வெறுங்கை, ஆற்றுக்கு அக்கரையில் சிரிக்கப்போகிறவர்கள் எல்லாம் அவர் முகத்தில் தெரிந்தன.

வேலாயிக்குக் காம்பரா தப்பிவிட்டது. தப்பின பிறகு அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அண்ணே, நம்ம அப்பாரு திருச்சிப் பக்கத்துலேருந்து வரயில குலசாமியத் தூக்கிக்கிட்டா வந்தாரு?"

"இல்ல. கோயில் மண்ணுல ஒரு பிடி முடிஞ்சுக்கிட்டு வந்தாரு. இங்கன போட்டுக் கல்லு நட்டாரு. சாமி வந்திருச்சு."

வேலாயி கல்லைச் சுற்றியிருந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, தன் தலைத்துணியில் கொட்டி முடிந்து, காலேஜ் துரையின் மடியில் வைத்தாள். "மாஸ்டர், சொல்லுங்க. இதுக்குள்ளதான் அவுங்க பாதிரியாரு இருக்காரு. மணி எங்ககிட்ட இருக்கட்டும், திருடுனவர அவுங்க கொண்டுபோகட்டும். அக்கரைக்காரங்களுக்கு வேண்டியது திருடன்தானே?"

காலேஜ் துரை அதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். அங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அன்று வியாழக்கிழமை, சிரிக்கத் தடையில்லை.

அவர் ஜீப்பில் ஏறுகிற வரைக்கும் வேலாயி விடவில்லை. "பெரிய மரமாப் பாத்துப் போடச் சொல்லுங்க. வருசத்துக்கு ஒரு சுருட்டு. கோப்பிக்குச் சீனி கூடப் போடணும். சேவல் அந்த ஊருல கெடைக்குமான்னு கேளுங்க." கிடைக்கும் என்று பதில் வந்தது. அது அங்கே போய் எப்படி ஆயிற்று என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். நூற்றாண்டு விழாவில் அந்த மண்ணைத் தேவாலயத்துக்கு எதிரிலிருந்த ஓக் மரத்தடியில் போட்டதாகவும், ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றதாகவும், அந்தக் குளிர்காலம் முழுக்கக் கல்லூரியில் ஒரு மாணவன்கூட விடியக்காலையில் எழும்ப முடியாமல் போனதாகவும் வாத்தியாருக்கு மட்டும் செய்தி வந்தது.

இதெல்லாம் பின்னால். காலேஜ் துரை போன மறுநாள் காலை, பெரட்டுக்களத்தில் நல்லமுத்து கடுகடுவென்று பேர் போட்டுக்கொண்டு வந்தார்.

"வேலாயி, ஒரு பேரு. போ."

வேலாயி நகரவில்லை.

"என்னா?"

"ரெண்டு பேரு போடுங்கையா."

"எதுக்கு?"

"இங்க ஒரு முனி, அமெரிக்காவுல ஒரு முனி. ரெண்டுக்கும் நான்தானே பொறுப்பு? அங்க ஒரு கொறைன்னா யாருகிட்ட வந்து கேப்பாங்க, ஒங்ககிட்டயா?"

நல்லமுத்து அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மூக்கை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, யாருக்கும் தெரியாமல், ஒரு அரைப்பேர் கூடப் போட்டார். அந்த அரைப்பேர் எந்த மலையில் செய்த வேலைக்கு என்று கொம்பனிக்காரர்கள் வருஷா வருஷம் லண்டனிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.